எமியா, டஃபியா, அடெலா: ஒரே ஒரு சோல் தட்டு வாங்குவதென்றால்

ஒரே ஒரு எல்பி தட்டு வாங்கத்தான் இப்போது கையில் காசு இருக்கிறது, அது இந்த நூற்றாண்டின் பிரிட்டிஷ் சோல்-பாப் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையும் பாப்பும் கலந்த பாணி) பாடகி ஒருவருடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தவர் கடைசியில் மூன்று ஆல்பங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். எமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’, டஃபியின் ‘ராக்ஃபெரி’, அடெலின் ‘21’. முதலாவது 2006 அக்டோபரில் வந்தது, இரண்டாவது 2008 மார்ச்சில், மூன்றாவது 2011 ஜனவரியில். மூன்றுமே பிரிட்டனில் ஏதாவது ஓர் ஆண்டின் விற்பனையில் முதலிடம் பிடித்தவை. 2007 எமியின் ஆண்டு, 2008 டஃபியின் ஆண்டு, 2011 அடெலின் ஆண்டு.

செயலியில் மூன்றையும் இன்று இரவே கேட்டுவிடலாம், அதற்கு யாருடைய ஆலோசனையும் வேண்டாம். தட்டு வாங்குவது வேறு. ஆயிரக்கணக்கில் செலவாகும், அலமாரியில் இடம் பிடிக்கும், பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைக்க வேண்டும். அதனால் எதில் நல்ல பாட்டு அதிகம் என்று எண்ணுவதைவிட, ஒரு பக்கத்தை ஓடவிட்டால் அது முடியும்வரை எது நம்மை உட்கார வைக்கிறது என்று பார்ப்பதுதான் சரி. இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோடுகிறேன். என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘பேக் டு பிளாக்’. ஆனால் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. காரணங்களைப் படித்தால் உங்களுக்கு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பலரும் முதலில் பார்ப்பது விற்பனையைத்தான். அதில் போட்டியே இல்லை. ‘21’ உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் விற்றது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 2 லட்சத்தைத் தாண்டியது. 2011ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சுமார் 37.7 லட்சம் பிரதிகள் போயின. மொத்தம் 23 வாரம் பிரிட்டன் பட்டியலின் உச்சியில் இருந்தது, அமெரிக்காவில் 24 வாரம். 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இதன் அளவு புரியும். குறுந்தட்டு விற்பனை சரிந்துகொண்டிருந்தது, ஸ்ட்ரீமிங் இன்னும் வேர் பிடிக்கவில்லை, பதிவு நிறுவனங்கள் ஆள்குறைப்பு செய்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் 2004க்குப் பிறகு ஆல்பம் விற்பனை முதல் முறையாகச் சற்றே கூடியது 2011இல்தான். அதில் இந்த ஒரு தட்டின் பங்கு பெரியது.

அந்த விற்பனை எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 பிப்ரவரி 15 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பிரிட்டிஷ் இசைத்துறையின் பிரிட் விருது விழா. மற்றவர்கள் நடனக்குழு, வாணவேடிக்கை என்று மேடையை நிரப்பிய இடத்தில் அடெல் ஒரே ஒரு பியானோவோடு நின்று ‘சம்ஒன் லைக் யூ’ பாடினார். முடித்ததும் கண் கலங்கியது. அடுத்த வாரம் அந்தப் பாட்டு பிரிட்டனின் முதலிடத்தில் இருந்தது. அவருடைய இரண்டு பாடல்களும் இரண்டு ஆல்பங்களும் ஒரே சமயத்தில் அந்தந்தப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் நின்றன. உயிரோடு இருக்கும் ஒரு கலைஞருக்கு அது 1964இல் பீட்டில்ஸுக்குப் பிறகு நடந்ததே இல்லை. பாட்டு வாங்குவதையே நிறுத்திவிட்ட ஒரு தலைமுறை, சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போன இடத்தில் அந்தத் தட்டையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே தட்டு. ‘21’ அப்படிப்பட்ட ஆல்பம். யாரையும் வெளியே நிறுத்தாது.

‘பேக் டு பிளாக்’ விற்ற கதையே வேறு. முதல் வாரம் பிரிட்டனில் மூன்றாம் இடம், விற்றது நாற்பதாயிரத்துச் சொச்சம். நல்ல தொடக்கம், அவ்வளவுதான். பிறகு வாய்வழியாகப் பரவி, 2007 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது. அந்த ஆண்டு முழுக்க விற்றுக்கொண்டே இருந்து 18.5 லட்சத்தைத் தொட்டது. அமெரிக்காவில் 2007 மார்ச்சில் ஏழாம் இடத்தில் நுழைந்தது.  2008 பிப்ரவரியில் அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருது விழாவில் எமிக்கு ஐந்து விருதுகள். விசா சிக்கலால் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக முடியாமல் லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். வெற்றியாளராகத் தன் பெயரைப் பாடகர் டோனி பென்னெட் வாசித்தபோது திகைத்துப்போய் நின்ற அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு ஆல்பம் அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை ஏறியது.

அப்புறம் 2011 ஜூலை 23. கேம்டன் வீட்டில் எமி இறந்தார், வயது 27. சில நாட்களில் ‘பேக் டு பிளாக்’ மறுபடி பிரிட்டனின் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில், இந்த நூற்றாண்டில் பிரிட்டனில் மிக அதிகம் விற்ற ஆல்பம் என்ற இடத்தையும் பிடித்தது. டிசம்பரில் ‘21’ அதைத் தாண்டிப் போயிற்று. ஒரே ஆண்டுக்குள், ஒரே பட்டியலில், இரண்டு தட்டுகள் இப்படி மாறி மாறி நின்றன என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும். ஒருத்தி மேலே ஏறியது உயிரோடும் உழைப்போடும்; இன்னொருத்தி ஏறியது சவ ஊர்வலச் செய்திகளோடு. எமியின் எண்ணிக்கையில் ஒரு பங்கைப் பாட்டு எழுதவில்லை, செய்தித்தாள்கள் எழுதின. அவரைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்த அதே செய்தித்தாள்கள். விற்பனையை மட்டும் வைத்து இந்த ஆல்பத்தை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டஃபியின் கணக்கு இன்னும் விசித்திரம். வேல்ஸின் வடமேற்கு மூலையில் நெவின் என்ற கடற்கரை ஊரில், வெல்ஷ் மொழி பேசும் சூழலில் வளர்ந்தவர். ‘மெர்சி’ என்ற சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) 2008 பிப்ரவரியில் வந்து ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் சூட்டோடு சூடாக ‘ராக்ஃபெரி’ மார்ச் 3 அன்று வந்து, முதல் வாரமே 1.8 லட்சம். ஆண்டு முடிவில் 16.8 லட்சம், பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் நான்காம் இடம். 2009 பிப்ரவரியில் சிறந்த பாப் ஆல்பத்துக்கான கிராமி, அதே மாதம் மூன்று பிரிட் விருதுகள். அறிமுக ஆல்பத்துக்கு இதைவிட என்ன வரவேற்பு வேண்டும்?

ஆனால் 2010 நவம்பரில் வந்த இரண்டாம் ஆல்பம் ‘எண்ட்லெஸ்லி’ பிரிட்டனில் ஒன்பதாம் இடத்தோடு நின்றுவிட்டது. பிறகு டஃபி மேடைகளிலிருந்தே காணாமல் போனார். ஏன் என்று 2020இல் அவரே எழுதினார்: தன்னை மயக்க மருந்து கொடுத்துக் கடத்தி, அடைத்து வைத்து, பாலியல் வன்கொடுமை செய்தார்கள், அதிலிருந்து மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின என்று. அதுவரை ‘ஒரே ஆல்பத்தோடு தீர்ந்துபோனவர்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். புதிய பாட்டு, மேடை, பேட்டி என்று எதுவும் வராமல் போனால் பழைய ஆல்பமும் பேச்சிலிருந்து விழுந்துவிடும். ‘ராக்ஃபெரி’ இன்று யாருடைய பட்டியலிலும் இல்லாததற்குக் காரணம் அதன் பாடல்கள் அல்ல என்பதை வாங்கும் முன் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையைப் பற்றிய பேச்சை முடிக்கும் முன் இன்னொரு தட்டைச் சொல்லியாக வேண்டும். எமி, டஃபி, அடெல் மூவரையும் விமர்சகர்கள் அறுபதுகளின் பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டோடு ஒப்பிடாமல் விட்டதில்லை. அவருடைய ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ 1969இல் வந்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் இசைப்பதிவு நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர், ஆரிஃப் மார்டின், டாம் டௌட் மூவரும் சேர்ந்து தயாரித்தது. அமெரிக்க நகரமான மெம்ஃபிஸின் கைதேர்ந்த வாத்தியக்காரர்களுக்கு முன்னால் டஸ்டிக்குப் பதற்றம், குரலை நியூயார்க்கில் போய்த்தான் பதிவு செய்தார். ‘சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்’ என்ற சிங்கிள் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதல் பத்துக்குள் வந்தும், ஆல்பம் அமெரிக்காவில் 99ஆம் இடத்தைத் தாண்டவில்லை. வணிகத்தில் தோல்வி. இன்று அது சோல்-பாப்பின் அடிப்படைப் பாடம். 2020இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் 16 லட்சம் விற்றதும் 3 கோடி விற்றதும் தட்டு எவ்வளவு பேரைச் சென்றடைந்தது என்பதைச் சொல்லும். உங்கள் வீட்டில் எத்தனை முறை ஓடும் என்பதைச் சொல்லாது.

சரி, இனி காதுக்கு வருவோம்.

மூன்றும் ஒரே சின்ன வட்டத்திலிருந்து பிறந்தவை. ‘ராக்ஃபெரி’யில் வேலை செய்த பாடலாசிரியர் எக் ஒயிட்தான் அடெலின் முதல் ஆல்பம் ‘19’இல் ‘சேசிங் பேவ்மெண்ட்ஸ்’ பாட்டை அவரோடு எழுதியவர். எமியின் பெரிய பாடல்களைத் தயாரித்த மார்க் ரான்சன் அதே ‘19’இல் ஒரு பாட்டைத் தயாரித்தார். எமியின் முதல் ஆல்பம் ‘ஃபிராங்க்’கைக் கேட்டுத்தான் கிட்டார் எடுத்தேன் என்று அடெலே மேடையில் சொல்லியிருக்கிறார். அடெலை ஒப்பந்தம் செய்த எக்ஸ்எல் ஒரு சுயேச்சை நிறுவனம். யாழ்ப்பாண வேர் கொண்ட ராப் பாடகி மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ.வின் முதல் ஆல்பத்தை 2005இல் கொண்டுவந்ததும் அவர்கள்தான். நம்மவர் ஒருத்தியின் தட்டும் ‘21’ம் ஒரே கூரையின் கீழிருந்து வந்தன என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

வட்டம் ஒன்றானாலும் ஒலி ஒன்றல்ல. ‘21’ பல கைகள் சேர்ந்து செய்தது. பால் எப்வொர்த், டான் வில்சன், ரயன் டெடர், ஜிம் அபிஸ், ஃப்ரேசர் டி ஸ்மித், ரிக் ரூபின் என்று தயாரிப்பாளர்கள் பலர். ரூபினோடு கலிஃபோர்னியாவில் மாலிபு கடற்கரையில் ஒரு தொகுதிப் பாடல்களையே பதிவு செய்தார்கள். அவற்றில் பலவற்றை அடெல் ஒதுக்கிவிட்டு, லண்டன் பதிவுகளுக்கும், முன்னோட்டமாகப் பாடி வைத்த மாதிரிப் பதிவுகளுக்கும் திரும்பினார். அது சரியான முடிவு. ‘ரோலிங் இன் த டீப்’ பாட்டில் நாம் கேட்கும் குரல் மாதிரிப் பதிவுக்காகப் பாடியது. ‘சம்ஒன் லைக் யூ’வில் டான் வில்சனின் பியானோவும் அடெலின் குரலும் மட்டும், அதுவும் மாதிரியாகத் தொடங்கியதுதான். திரும்பப் பாடினால் சுத்தமாக வந்திருக்கும், அந்தக் கொதிப்பு வந்திருக்காது. இந்த இரண்டு பாடல்களுக்காக மட்டும் ‘21’ வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் முழுத் தட்டாகக் கேட்கும்போது எனக்கு இடறுகிறது. தொடக்கத்தில் காலைத் தட்டி அடிக்கும் புளூஸ், நடுவில் கன்ட்ரி வாசனை அடிக்கும் மெல்லிசை, கடைசிக்கு முன்னால் த கியூர் குழுவின் பழைய பாட்டு ஒன்று பிரேசிலின் போஸா நோவா நடையில். ஒவ்வொன்றும் தனியாக நல்ல பாட்டு. அடுத்தடுத்து வரும்போது அறை மாறி அறை மாறி உட்கார்வது மாதிரி இருக்கிறது. நீளமும் 48 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 24 நிமிடம் என்றால் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலியின் அளவைக் கொஞ்சம் குறைத்துத்தான் தட்டில் ஏற்ற முடியும். போதாததற்கு, அந்தக் காலத்துப் பாப் பதிவுகள் எல்லாவற்றையும் போல ‘21’ம் சத்தத்தை உயர்த்தி அழுத்தி வைத்த பதிவு. அடெல் உச்சத்தில் திறந்து பாடும் இடங்களில் குரல் இறுகிப்போவது நல்ல ஸ்பீக்கரில் தெளிவாகவே கேட்கும். இவ்வளவு பெரிய குரலுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கலாம்.

‘ராக்ஃபெரி’யை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே நேசிக்கிறேன். ஸ்வேட் என்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் பட்லர் நான்கு பாடல்களை டஃபியோடு எழுதித் தயாரித்தார். தலைப்புப் பாடலும், இறுதியில் வரும் ‘டிஸ்டண்ட் ட்ரீமர்’ பாடலும் அவருடையவை. அந்த இரண்டும் இந்த ஆல்பத்தின் இரண்டு தூண்கள். மெதுவாக நடந்து வந்து, வயலின்களும் முரசும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசி நிமிடத்தில் வானத்தை மூடிவிடும். தலைப்பில் உள்ள ராக் ஃபெரி, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றோரம் இருக்கும் பகுதி; டஃபியின் தந்தைவழிக் குடும்பத்தின் ஊர். ‘வாரிக் அவென்யூ’ லண்டனின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் பெயர். இடங்களின் பெயரை வைத்தே பிரிவைச் சொல்லும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

குறை எங்கே என்றால், குரலில் எப்போதும் ஒரே அழுத்தம். மூக்கோடு ஒட்டிய, கொஞ்சம் கீச்சிடும் அந்தக் குரல் ‘மெர்சி’யில் துள்ளிக் குதிக்கிறது, ஆல்பத்தின் நடுவில் உள்ள மூன்று நான்கு பாடல்களில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதே இல்லை. வரிகளும் பொதுவானவை. யார் யாரை விட்டுப் போனார்கள் என்று தெரியும், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாது. பத்தே பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் இந்தக் குறை பெரிதாக உறுத்துவதில்லை. எந்த வேலையும் இல்லாத ஒரு மழை நாளில் பின்னணியில் ஓடவிட்டால் மூன்றில் மிக இதமானது இதுதான்.

இனி ‘பேக் டு பிளாக்’. இதைப் பற்றி நீளமாகப் பேசுவதற்கு என்னை மன்னிக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பேச நிறைய இருக்கிறது.

2003இல் வந்த ‘ஃபிராங்க்’ ஜாஸ் சாயல் கொண்ட, கெட்டிக்காரத்தனமான ஆல்பம். நல்ல மதிப்புரைகள், பிரிட்டனின் மெர்குரி ஆல்பம் பரிசுக்குப் பரிந்துரை, ‘ஸ்ட்ராங்கர் தன் மீ’ பாட்டுக்குப் பாடலாசிரியர்களுக்கான ஐவர் நோவெல்லோ விருது. ஆனால் அதன் பிறகு எமி மூன்று ஆண்டு புதிய ஆல்பம் எதுவும் தரவில்லை. அந்த இடைவெளியில் ஒரு காதல் முறிந்தது. அறுபதுகளின் பெண் குழுக்களை, குறிப்பாக ஷாங்ரி-லாஸ் பாடல்களை, திரும்பத் திரும்பக் கேட்டார். நியூயார்க்கில் மார்க் ரான்சனைச் சந்தித்தபோது அந்தப் பாடல்களைத்தான் அவருக்குப் போட்டுக் காட்டினார். ரான்சன் அன்று இரவே ஒரு பியானோ மெட்டை அமைத்தார். மறுநாள் எமி அதற்கு வரிகள் எழுதினார். அதுதான் தலைப்புப் பாடல். ‘ரிஹாப்’ பிறந்ததும் அப்படியே. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது, குடிமீட்பு மையத்துக்குப் போகச் சொன்னதையும் தான் மறுத்ததையும் எமி சொன்ன தோரணையைக் கேட்டு, இதைப் பாட்டாக்கு என்று ரான்சன் சொன்னார்.

ஆறு பாடல்களை ரான்சன் தயாரித்தார், ஐந்தை சலாம் ரெமி மயாமியில் தயாரித்தார். ரான்சன் பகுதிகளுக்கு வாசித்தவர்கள் டாப்-கிங்ஸ், சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸின் பின்னணிக் குழு. புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீட்டுக்குள் இருந்த டாப்டோன் ஸ்டூடியோவில், நாடாவில் பதிவு செய்யும் வழக்கத்தை விடாமல் வைத்திருந்தவர்கள். குழு மொத்தமும் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பார்கள். முரசின் ஒலி கிட்டார் மைக்குக்குள் போகும், கொம்பு வாத்தியம் முரசு மைக்குக்குள் கசியும். கணினியில் ஒட்டிச் சேர்த்த பதிவுகளில் அந்தக் கசிவு இருக்காது. ‘பேக் டு பிளாக்’ தட்டில் ஓடும்போது ஓர் அறையின் காற்று கேட்கிறது என்று சொல்வது அதனால்தான். தட்டுக்காகவே பிறந்த ஒலி அது.

நீளம் 35 நிமிடம். ஒரு பக்கத்துக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம் என்றால் பள்ளங்களைத் தாராளமாக வெட்டலாம், அடித்தாளம் முழுதாக நிற்கும். தொழில்நுட்பத்தை விட்டாலும், அந்தச் சுருக்கமே ஒரு குணம். ‘லவ் இஸ் எ லூசிங் கேம்’ மூன்று நிமிடத்துக்கும் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் நின்றுவிடுகிறது. 2008இல் ஐவர் நோவெல்லோ வாங்கிய பாட்டு அது. ‘டியர்ஸ் டிரை ஆன் தெயர் ஓன்’ பாட்டின் அடியில் அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோடவுனின் பழைய காதல் பாட்டு ஒன்றின் சுரக்கட்டு ஓடுகிறது. அதை எழுதிய ஆஷ்ஃபோர்ட், சிம்சன் ஜோடிக்கும் பாடலாசிரியர் பட்டியலில் உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த மலையும் நம்மைப் பிரிக்காது என்று 1967இல் மகிழ்ச்சியோடு பாடிய மெட்டின் மேல், விட்டுப் போனவனைப் பற்றிய கசப்பை எமி வைக்கிறார். இசையைப் பழசிலிருந்து எடுத்தார், வாழ்க்கையை எடுக்கவில்லை. வரிகளில் அவர் கொச்சையாகப் பேசுகிறார், தன்னையே குற்றம் சாட்டுகிறார், தான் ஏமாற்றியதையும் சொல்கிறார். டஃபியிடம் நான் தேடிக் கிடைக்காத மனிதர் இங்கே இருக்கிறார்.

பாடும் முறையும் வேறு. அடெல் ஒரு சொல்லைத் தாளத்தின் தலையில் வைத்து, மூச்சை நிறைத்து, மேலே தூக்குவார். கேட்பவர் கூடவே ஏறுவார். எமி தாளத்துக்கு ஒரு நொடி பின்னால் சோம்பலாக நடந்து, கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார். சாரா வான், டைனா வாஷிங்டன் போன்ற ஜாஸ் பாடகிகளைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பழக்கம். இது முதல் முறை கேட்கும்போது பிடிபடாது. பத்தாவது முறைதான் எந்தச் சொல்லை எங்கே தள்ளி வைத்திருக்கிறார் என்று கவனிப்போம். திரும்பத் திரும்ப ஓடப்போகும் ஒரு பொருளை வாங்கும்போது எனக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

அதனால் யாருக்கு எது? வீட்டில் பல வயதினர் சேர்ந்து கேட்பார்கள், விருந்தினர் வந்தால் போட வேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்றால் ‘21’ வாங்குங்கள். குரல் பயிற்சி எடுக்கும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தாலும் அதுவே. மார்புக் குரலிலிருந்து தலைக் குரலுக்கு உடைந்து போகும் இடங்களை அடெல் மறைப்பதில்லை, கூடவே பாடிக் கற்றுக்கொள்ளலாம். ‘பேக் டு பிளாக்’ ஆல்பத்தில் கெட்ட வார்த்தைகள் உண்டு, குடியும் முறிவும் நேராகப் பேசப்படுகின்றன. பத்து வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து கேட்கும் தட்டு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எமியின் முடிவு தெரிந்த பிறகு ‘ரிஹாப்’ பாட்டைக் கேட்க மனம் வரவில்லை என்று சொல்பவர்களையும் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு ‘ராக்ஃபெரி’யைத்தான் நீட்டுவேன்.

ஏற்கெனவே எமியும் அடெலும் வைத்திருப்பவர்களும் ‘ராக்ஃபெரி’யைத் தேடலாம். அதற்கும் முன்னால் ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ கண்ணில் பட்டால் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று அது காட்டிக்கொடுக்கும்.

தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து மறுபக்கம் திருப்பிப் போடும் ஆள் நீங்கள் என்றால், ‘பேக் டு பிளாக்’. பதிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2007 நவம்பரில் வந்த டீலக்ஸ் பதிப்பில் ‘வேலரி’ என்ற பாட்டின் நேரலை வடிவமும், சாம் குக்கின் ‘கியூபிட்’ போன்ற பழைய பாடல்களும் கூடுதலாக இருக்கின்றன. ‘வேலரி’ எனக்கும் உயிர். ஆனாலும் முதல் வாங்கலுக்கு அது வேண்டாம். 35 நிமிடத்தின் இறுக்கம்தான் இந்த ஆல்பத்தின் பலம், அதைக் கூடுதல் பாடல்களால் தளர்த்த வேண்டியதில்லை. சாதாரண 11 பாடல் பதிப்பே போதும். அமெரிக்காவில் முதலில் வந்த பதிப்பில் கடைசிப் பாடலான ‘அடிக்டட்’டை விட்டுவிட்டு ஒரு ரீமிக்ஸைச் சேர்த்திருந்தார்கள். அதனால் பழைய பிரதி வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் பின்னட்டையைத் திருப்பி ‘அடிக்டட்’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.